தேர்தல் நேரத்தில் தேர்தல் நாடகம் போட்டேன்

என் முதல் மேடை நாடகத்தால் எனக்கு 1,23,900 ரூபாய் நட்டம். மொரீஷியஸ் ரூபாய்தான். எங்கள் வீட்டுத் தட்டைக் கூரையில் மழைநீர் இறங்காமல் பூச்சுப் போடுவதற்காக இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் அது. பணம் போனதை நினைத்து அழுத நாட்கள் குறைவு. என்னை நம்பி டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களும், என்னை நம்பி மேடை ஏறிய ஒரு சின்னப் பெண்ணும் பட்ட பாட்டை நினைத்துத்தான் பல இரவுகள் தூக்கம் கெட்டது. நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எழுதியதும், இயக்கியதும், கணக்குப் பார்த்ததும் நான் ஒருத்தியே. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாடகத்தின் பெயர் ‘மூன்றாவது வாக்கு’. எங்கள் நாட்டுத் தேர்தல் முறை வெளியூர்த் தமிழர்களுக்குப் புதிதாக இருக்கும். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் ஒரே சீட்டில் மூன்று பேருக்கு மூன்று வாக்குப் போட வேண்டும். இரண்டு மட்டும் போட்டால் சீட்டே செல்லாது. ஆகவே இரண்டு பேரை மனதாரத் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்றாவது வாக்கை யாருக்குப் போடுவது என்று வாக்குச் சாவடி வாசலில் நின்று யோசிக்கிறவர்களை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கேலி நாடகத்துக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது என்று நினைத்தேன். கதை இதுதான்: 45 வயது பிரம்மச்சாரி வேட்பாளர். குடும்பஸ்தர் என்றால்தான் வீட்டுப் பெண்கள் வாக்களிப்பார்கள் என்று கட்சி சொல்லிவிடுகிறது. அவருடைய ஆஜான் (கட்சிக்காக வீடு வீடாக ஆள் பிடிப்பவரை எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் அப்படித்தான் சொல்வோம்) ஒரு நடிகையை மனைவியாக நடிக்கக் கூட்டி வருகிறார். வேட்பாளர் உண்மையில் காதலிப்பதோ எதிரணியின் பிரசாரப் பொறுப்பாளரை. நடிகையின் காதலனும் எதிரணிக் கொட்டகையில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பவன். இவர்கள் எல்லோரும் ஒரே மாலையில், ஒரே வீட்டில், மூன்று கதவுகளுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். ஒரே வாக்கில் தோற்கும் வேட்பாளர், தோற்றவர்களுக்குச் சமூகக் கணக்குப் பார்த்துத் தரும் ‘பெஸ்ட் லூசர்’ இடத்தில் சட்டசபைக்குள் நுழைவதும், மேடையிலேயே மாலை மாற்றிக்கொள்வதும் முடிவு.

2024 ஜனவரியில் காவடி முடிந்த மறுவாரம் எழுத உட்கார்ந்தேன், மே மாதம் முடித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆள்மாறாட்ட நாடகத்தில் வசனத்தைவிடப் பொய்க்கணக்கு முக்கியம். எந்தக் காட்சியில் எந்தப் பொய் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று நான் முதலில் குறித்து வைக்கவில்லை. மூன்றாவது ஒத்திகையில் வேட்பாளராக நடித்தவர் வசனத்தை நிறுத்திவிட்டு, “அக்கா, இவன் அந்தப் பெண்ணின் காதலன் என்று எனக்கு ஏற்கெனவே தெரியுமே, பிறகு ஏன் இப்போது திடுக்கிடுகிறேன்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, மேலே பொய்களையும் பக்கத்தில் ஆட்களையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினோரு பொய்கள். இரண்டு காட்சிகளைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாளை எழுதும் முன்பே போட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மொழியும் பெரிய வேலை. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பள்ளியிலும் கோவிலிலும் கற்கிற மொழி. நீளமான வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள், ஆனால் நகைச்சுவை எந்தச் சொல்லில் வெடிக்க வேண்டுமோ அந்தச் சொல்லை மற்றச் சொற்களோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள். ஒரு வசனத்தில் ஏழு எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம் என்று வெட்டிய பிறகுதான் ஒத்திகையில் முதல்முறையாகச் சிரிப்பு கேட்டது. ஆஜானுக்கு மட்டும் பாதி வசனத்தைக் கிரியோலிலேயே வைத்தேன். தமிழ் முழுதாகப் புரியாத பார்வையாளருக்கு அவர்தான் கைப்பிடி.

இனித் தேதி விஷயம். முந்தைய பொதுத் தேர்தல் 2019 நவம்பர் 7. ஐந்தாண்டு முடியப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் நாட்டில் தேர்தல் தேதி முன்கூட்டியே நிர்ணயமானதில்லை. பிரதமர் நினைத்தால் சட்டசபையைக் கலைக்கலாம், கலைத்த பிறகும் சில மாதம் அவகாசம் உண்டு. ஆகவே தேர்தல் 2025 தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும், தீபாவளிக்கு முன்பு நாடகத்தைப் போட்டுவிட்டால் பேச்சும் சூடாக இருக்கும், ஆபத்தும் இருக்காது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஜூன் மாதம் 300 இருக்கை மண்டபத்தை அக்டோபர் 26 சனிக்கிழமைக்குப் பேசினேன். வாடகை 45,000, அதில் பாதி முன்பணம். தேதி மாறினால் முன்பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவர் 60,000 ரூபாய் ஆதரவு தருவதாகச் சொல்லி, அப்போதே 15,000 ரொக்கமாகக் கொடுத்தார். நான் எழுதி வாங்கவில்லை. அப்பாவின் சிநேகிதரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்ற கூச்சம். கேட்டிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. புரட்டாசி விரத மாதம் என்பதால் ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு டோல் பூரியும் கத்தோ பிமா என்கிற பருப்பு வடையும் வாங்கி வைத்திருந்தேன். பள்ளி மண்டபத்தில் இரண்டாம் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவரின் கைப்பேசி ஒலித்தது, பிறகு எல்லோருடையதும். சட்டசபை கலைக்கப்பட்டுவிட்டது, நவம்பர் 10 வாக்குப்பதிவு. முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். நம் நாடகத்துக்கு இதைவிட விளம்பரம் உண்டா என்றார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி திங்கட்கிழமை வரைதான் இருந்தது. பள்ளிக்கூடங்கள்தான் வாக்குச் சாவடிகள், ஆகவே மண்டபம் இனிக் கிடைக்காது என்றார்கள். நடிகர்களில் இரண்டு பேர் என்னைப் போல அரசு ஊழியர்கள். தேர்தல் பணிக்குப் பெயர் போய்விட்டது, அரசியல் நாடகத்தில் மேடை ஏறினால் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டிவரும் என்று விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அரசு ஊழியர் கட்சி அரசியலில் கால் வைக்கக் கூடாது என்பது விதி, கேலி நாடகம் அதில் எந்தப் பக்கம் சேரும் என்று அவர்களுக்கு யார் உறுதி தருவது? நானே என் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். கேட்க வேண்டிய மாதம் ஜூன், நான் கேட்டது அக்டோபர். கோவில் மண்டபத்திலும் தேர்தல் முடியும்வரை அரசியல் வாடை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒத்திகை எங்கள் கராஜுக்கு வந்தது. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, அதைத்தான் கதவு என்று வைத்துக்கொண்டோம். இதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாரத்தில்தான் அந்த இளைஞன் வந்தான். நல்ல சட்டை, நல்ல தமிழ், வயது முப்பது இருக்கும். விளம்பர நிறுவனத்தில் வேலை என்றான். போஸ்டரைப் பார்த்தானாம், அலுவலக ஊழியர்களுக்காக 120 டிக்கெட் எடுத்துக்கொள்கிறார்களாம், பணம் மொத்தமாக வருமாம். கராஜில் வியர்த்துப்போய் நின்ற எங்களுக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான். 300 ரூபாய் டிக்கெட்டில் 36,000 ரூபாய்! தினமும் வந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான், விலகியவர்களுக்குப் பதிலாக ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான். எங்கள் நாடகத்தில் பொய் மனைவியாக நடித்த பெண்ணுக்கு 22 வயது. டிக்கெட் கணக்கை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒத்திகை முடிந்து பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடப்பதை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளும் ஒரு நாள் என் அருகில் வந்து, “டீச்சர், அவர் வீட்டில் பேசப் போகிறாராம்” என்று மெல்லச் சொன்னாள்.

அக்டோபர் நடுவில் நாடே தலைகீழானது. அரசியல்வாதிகள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் பேசிய தொலைபேசி உரையாடல்களை யாரோ ‘மிஸ்யே முஸ்தாஸ்’ என்ற பெயரில் இணையத்தில் ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். எங்கள் நாடகத்தின் மூன்றாம் காட்சியில் ஒரு தொலைபேசிப் பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று பதிவு செய்யும் இடம் உண்டு. நான் அதை மார்ச் மாதம் எழுதினேன். அக்டோபரில் யார் நம்புவார்கள்? கடைக்காரர் தொலைபேசியில், “மகளே, நீ நல்ல பிள்ளை, ஆனால் என் கடைப் பெயர் அந்தப் போஸ்டரில் இருக்க வேண்டாம்” என்றார். மீதி 45,000 ரூபாய் அதோடு போயிற்று. வேட்புமனு நாள் 22ஆம் தேதி. அதற்கு முதல் நாள் இரவு நாடகத்தைத் தள்ளிவைத்தேன். முகநூலில் அறிவித்தேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். 26ஆம் தேதி மாலை மனம் கேட்காமல் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் வாசலில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் வயதானவர்கள். பட்டுப்புடவை கட்டி, மெட்ரோவில் வந்து இறங்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கைகூப்பி நின்றேன். தேதியை மாற்றினால் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள், வேறு வழியே இல்லை.

மறுநாளிலிருந்துதான் இன்னும் பெரிய இடி. ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டு அக்கா அழைத்தார். “டீச்சர், நாடகம் பார்க்கத்தானே பெயரும் நம்பரும் கொடுத்தேன். கட்சிக்காரர்கள் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் நான்கு வாக்குகள் இருக்கிறதல்லவா என்று கேட்கிறார்களே” என்றார். அடுத்த இரண்டு நாளில் பதினேழு அழைப்புகள், எல்லாம் இதே கதை. டிக்கெட்டுக்காக நாங்கள் வாங்கியது பெயர், தொலைபேசி எண், ஊர், எத்தனை பேர் வருகிறார்கள் என்ற விவரம். 180க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பட்டியலைத் தன் அலுவலகத்துக்கு அனுப்பினால் இருக்கை எண் போட்டு அழகான டிக்கெட் அச்சடித்துத் தருவதாக அந்த இளைஞன் சொன்னானாம், டிக்கெட் கணக்குப் பார்த்த பெண் அனுப்பியிருக்கிறாள். விளம்பர நிறுவனம் என்று எதுவும் இல்லை. அவன் ஒரு வேட்பாளரின் ஆஜான். கட்சிக் கொட்டகை ஒன்றில், கொடித் தோரணத்துக்குக் கீழே, மனைவியும் கைக்குழந்தையுமாக அவன் நிற்கிற படத்தை அவளே முகநூலில் பார்த்தாள். பார்த்ததும் என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அரைமணி நேரம் இருந்தாள். அழவில்லை. “பட்டியலைக் கேட்பதற்குத்தானா டீச்சர்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

இதில் தவறு என்னுடையது, அவளுடையது அன்று. மற்றவர்களின் விவரத்தை வாங்கியவள் நான், அதைக் காப்பாற்ற வேண்டியவளும் நான். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது நாடகக் குழுவுக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா? பட்டியலில் இருந்த எல்லோரையும் நானே அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆறு மாலைகள் ஆயிற்று. சிலர் திட்டினார்கள், ஒருவர் அழைப்பைத் துண்டித்தார், பலர் “பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு” என்று மட்டும் சொன்னார்கள், கொடுத்தேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: டிக்கெட்டுக்கு ஓர் எண் போதும். தேதி மாற்றத்தைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் வேண்டுமானால் வாங்குங்கள், ஊரும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் எதற்கு? அந்த நோட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி முடிந்ததும் கிழித்துவிடுங்கள். மொத்தமாக டிக்கெட் எடுப்பதாகச் சொல்கிறவரிடம் பாதிப் பணத்தை வாங்காமல் ஓர் இருக்கையைக்கூட ஒதுக்காதீர்கள். குழுவில் இளம் பெண்கள் இருந்தால், புதிதாக வந்து உதவுகிறவர் யார், எங்கே வேலை பார்க்கிறார் என்று பெரியவர்கள் விசாரிக்க வேண்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பத்து இடத்தில் விசாரிக்கிற நாம், நாற்காலி தூக்கினான் என்பதற்காக இவனை வீட்டுக்குள் விட்டோம்.

புதிய தேதி நவம்பர் 30. மண்டபத்துக்கு மறுபடியும் முழு வாடகை. நவம்பர் முதல் தேதி காலையில் புதிய போஸ்டரை முகநூலில் போட உட்கார்ந்தபோது முகநூலே திறக்கவில்லை. அந்தத் தொலைபேசிப் பேச்சுப் பதிவுகளின் காரணமாகச் சமூக ஊடகங்களைத் தேர்தல் முடியும்வரை தடை செய்திருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் மறுநாளே தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் விளம்பரத்தை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. துண்டுத்தாள் அச்சடித்துக் கடைகடையாகக் கொடுத்தோம். தேர்தல் முடிவும் வந்தது. தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளியது, 1982இலும் 1995இலும் நடந்ததைப் போல. ஒரு வாக்கில் தோற்கிற என் கதாநாயகனின் கதை இப்போது யாருக்கு ஒட்டும்? கடைசிக் காட்சியை மாற்றலாமா என்று நினைத்தேன். பொய்க்கணக்குத் தாளைப் பார்த்தேன், ஒன்றை உருவினால் பதினொன்றும் சரிந்துவிடும். அப்படியே விட்டேன்.

நாடக நாளன்று 147 பேர் வந்தார்கள். மூன்று கதவுகளையும் தச்சர் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டார், ஆனால் நாங்கள் அவற்றோடு ஒத்திகை பார்த்தது நாடகத்துக்கு முந்தைய நாள் மாலை மட்டும். சாக்கட்டிக் கோட்டைத் தாண்டுவதற்கும் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்து, நுழைந்து, சாத்துவதற்கும் நேரம் வேறு. ஒவ்வொரு நுழைவிலும் இரண்டு நொடி தாமதம். ஓட்டமும் துரத்தலுமாகப் போகிற நாடகத்தில் அந்த இரண்டு நொடியில் சிரிப்பு செத்துவிடும். அதோடு அந்த வார மழையில் நடுக்கதவு ஊதியிருந்தது. இரண்டாம் காட்சியில் காதலனாக நடித்த பையன் தள்ளுகிறான், திறக்கவில்லை. பயத்தில் பக்கத்துக் கதவைத் திறந்தான். அங்கே பத்து நிமிடம் கழித்து வெளிப்பட வேண்டிய வேட்பாளர், பெண்ணின் முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சபை ஒரு கணம் சிரித்தது, பிறகு அடுத்த பத்து நிமிடம் எதற்கும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ரகசியம் உடைந்துவிட்டது. செலவைக் குறைக்க வேண்டுமானால் உடையில் குறையுங்கள், ஒளியில் குறையுங்கள். கதவைச் செய்து, மூன்று வாரமாவது அதோடு பழகுங்கள். ஒட்டுப்பலகையின் ஓரங்களுக்கும் சாயம் பூசச் சொல்லுங்கள், ஓரத்தின் வழியாகத்தான் அது ஈரத்தைக் குடிக்கிறது.

அந்தப் பெண் நடிக்க வந்தாள். வேண்டாம் என்று நான் இரண்டு முறை சொல்லியும் வந்தாள். கடைசிக் காட்சியில், தன்னைக் காதலிப்பதாகச் சொன்னவன் எதிரணியின் ஆள் என்று தெரிந்ததும் அவள் சொல்ல வேண்டிய வசனம், “நீ சொன்ன பொய்யெல்லாம் எனக்கு மனப்பாடம்.” அதைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகச் சொல்ல வேண்டும், சபை சிரிக்க வேண்டும், அப்படித்தான் இரண்டு மாதம் பழகினோம். அன்று அவள் கையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, தாழ்ந்த குரலில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு பாட்டி கைக்குட்டையை எடுத்தார். நான் பக்கத்திரைக்குப் பின்னால் வசனப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த வசனத்தை எழுதியபடியே வேகமாகப் பிடித்தாள், சபையும் கூடவே வந்தது.

கணக்கையும் வைத்துவிடுகிறேன். மண்டபத்துக்கு முன்பணம் போனதும் சேர்த்து 67,500, கதவும் அரங்கமும் 38,000, ஒளி ஒலி 30,000, உடை 14,000, இரண்டு முறை அச்சு 15,500, ஒத்திகைச் சாப்பாடும் போக்குவரத்தும் 18,000. மொத்தம் 1,83,000. வரவு, டிக்கெட்டில் 44,100, கடைக்காரர் கொடுத்தது 15,000. 300 இருக்கையும் நிரம்பியிருந்தால்கூட டிக்கெட்டில் 90,000தான் வந்திருக்கும். அதை நான் மண்டபம் பேசுவதற்கு முன்பே ஒரு தாளில் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். கையில் வராத ஆதரவுப் பணத்தை வரவில் எழுதாமல் கணக்குப் போடுங்கள்.

2025 மே மாதம் நகராட்சித் தேர்தல் வந்தபோது, இதே நாடகத்தை மறுபடி போடச் சொல்லி ஒருவர் கேட்டார், செலவை ஏற்பதாகவும் சொன்னார். அந்தப் பணம் யாருடையது என்று கேட்டேன், பதில் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். அந்தப் பெண் இப்போது ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறாள், கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளியை அவளே எடுத்து ஊற்றிவிட்டு வருவாள். அந்தப் பேச்சை அவளாக எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. மூன்று கதவுகளும் கராஜில் சாய்ந்து நிற்கின்றன. பள்ளியோ மன்றமோ நாடகம் போடுகிறவர்கள் யாராவது கேட்டால் இலவசமாகத் தருகிறேன். நடுக்கதவின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இழைக்க வேண்டியிருக்கும், கீல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.